பெரியவரின் மதிப்பு குறித்து அத்தானுக்கு எழுதியது

தாமுவே, ரங்கூன்.
13-10-2003, திங்கட்கிழமை.

என் மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய அத்தான் அப்பாசாமி அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் ராஜரத்தினம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கச்சி முறையாகிய என் சம்சாரம் சாந்தகுமாரியும் சுகம். எனக்குச் சர்க்கரை கூடுதலாகவும் வீட்டுக்குக் கரண்டு குறைவாகவும் இருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே வியாசர்பாடியில் தாங்களும் என் அக்கா தங்கமணியும் முழங்கால் வலி நீங்கி நடமாட இங்குள்ள பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஜவுளி எடுக்கச் சென்னை வரும் நம் பர்கத்துல்லா பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

தாங்கள் ஆவணியில் எழுதிய கடிதம் கிடைத்தது. "மாமா விட்டுப்போன துப்பாக்கிக்கு என்ன பெறுமென்று விசாரித்து எழுதவும், அதில் பாதி தங்கமணிக்குச் சேரவேண்டியதுதான் நியாயம்" என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தான், அந்தச் சொல்லைத் தபாலில் எழுதலாமா? உறையின் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்ததைப் பார்த்து மூன்று நாள் நான் வாசல் பக்கமே போகவில்லை. வழியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை போலிருக்கிறது, பிழைத்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வாயால் சொல்வதே கிடையாது. 'பெரியவர்' என்போம். பெரியவர் பரண்மேல் இருக்கிறார், பெரியவருக்கு எண்ணெய் போட வேண்டும், இப்படித்தான் பேச்சு. இந்த ஊரில் லைசென்சு இல்லாமல் அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பது என்னவென்று தாங்கள் 1964-லேயே கப்பலேறிப் போய்விட்டபடியால் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்பாவைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால்கார பொன்னுத்துரை என்றால் தாமுவே முழுக்கத் தெரியும். மாட்டைக்கூட 'வாங்க, போங்க' என்று பேசியவர். ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பரணிலிருந்து சாக்கு மூட்டையை இறக்கிப் பிரித்து, பெரியவரைப் பலகையில் கிடத்தி, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுவார். எழுந்திருக்கும்போது கண் கலங்கியிருக்கும். "இவரோட நான் பட்ட பாடு எனக்குத்தாண்டா தெரியும்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. சண்டைக் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் அப்பாவும் ஒருவர் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். இவ்வளவு அடக்கமான மனிதர் பெரிய வீரராகத்தானே இருக்க முடியும்?

போன வருடம் ஆடியில் அவர் போன பிறகு, மூட்டையைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை. தங்கள் கடிதம் வந்த பிறகுதான் விலை கேட்கக் கிளம்பினேன். ஆனால் பொருள் இன்னதென்று சொல்லாமல் எப்படி விலை கேட்பது? முதலில் பர்கத்துல்லா பாயைக் கூப்பிட்டேன். கடைத்தெருவில் எதை நீட்டினாலும் கையில் வாங்கிப் பார்த்து விலை சொல்லிவிடுவார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பியிருந்ததால், மனிதர் அரை டஜன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். சாக்கை விலக்கிக் காட்டினேன். பழப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"யா அல்லா! ராஜரத்தினம், இதுக்கு விலை கியாட்டுல இல்ல தம்பி, வருஷத்துல. ஏழு வருஷம் பெறும். பிடிக்கிற ஆளு சரியில்லேன்னா பத்தும் பெறும்."

"பாய், எங்க அத்தான் பாதி கேக்கிறார்."

"கொடுத்துரு. மூணரை வருஷம் அவரு வந்து உள்ளே இருக்கட்டும்."

தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போகும்போது, வெறும் இரும்பாகவாவது என்ன தேறும் என்று எடை போட்டுப் பார்க்கச் சொன்னார். கீழ்வீட்டில் ஙப்பி விற்கிற டோ மியாவிடம் சாந்தகுமாரி தராசு இரவல் கேட்டாள். கருவாட்டு விழுதை நிறுக்கிற தராசு, அதன் வாடை பெரியவர் மேல் இன்னும் போகவில்லை. எதை நிறுக்க என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, இவள் பதட்டத்தில் "பேரப் பிள்ளையை" என்று சொல்லிவிட்டாள். நமக்குப் பேரப்பிள்ளை ஏது? அன்று சாயங்காலமே டோ மியா குழந்தைக்கென்று கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டு வந்து நிற்கிறார். பெரியவர் இரண்டரை வீசை இருந்தார். குல்லாய் அவருடைய வாயில் சரியாகப் பொருந்துகிறது, தூசி போகாமலிருக்க மாட்டி வைத்திருக்கிறேன்.

இரும்பு விலைக்கு அப்பாவின் வீரத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஊ டின் மாவுங் என்பவர் மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நான் மின்சார இலாகாவில் மீட்டர் கணக்கெடுத்த காலத்துப் பழக்கம், வாய் திறக்காத மனிதர். ஆயுத பூஜை கழிந்து நாலாம் நாள் பஸ் பிடித்து வந்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பெரியவரைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினார். பிறகு அடையாளம் எழுதியிருக்கும் இடம் எங்கே என்று தேடினால், ஐம்பது வருடச் சந்தனமும் குங்குமமும் காறையாக இறுகிப்போய் மூடியிருக்கிறது. அவர் கத்தியை எடுத்துச் சுரண்டப் போக, சாமியைச் சுரண்டக் கூடாது என்று சாந்தகுமாரி குறுக்கே விழுந்தாள். சூடம் காட்டி உத்தரவு கேட்ட பிறகுதான் விட்டாள். அடுத்து, குழலைச் சுத்தம் பண்ண ஒரு கம்பியை உள்ளே விட்டுத் தள்ளினார். பொலபொலவென்று எரிந்துபோன ஊதுபத்திக் குச்சிகள் கொட்டுகின்றன, அத்தான்! இரண்டு கை நிறைய. அப்பா அத்தனை வருஷமும் பத்தியைப் பெரியவரின் வாயில்தான் செருகியிருக்கிறார். ஊ டின் மாவுங் குச்சிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது வருடச் சர்வீசில் இப்படி மணக்கிற ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்று பர்மியில் சொன்னார்.

சுரண்டிய இடத்தில் ஒரு கிரீடம் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு ஆங்கில எழுத்து, அதற்கும் கீழே 1917. முப்பது வருடம் இருட்டு மூலைகளில் மீட்டர் எண் படித்தவன் நான், ஆனால் எந்த எண்ணைப் பார்த்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. எண்பத்தாறு வயது! எங்கேயோ சீமையில் பிறந்து, இரண்டு பெரிய சண்டையைப் பார்த்து, எத்தனையோ பேர் தோளில் ஏறி, கடைசியில் ஒரு பால்காரர் வீட்டுப் பரணில் வந்து படுத்திருக்கிறார். நான் கும்பிட்டுவிட்டேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டுகிறது. வார்டு ஆபீசிலிருந்து குடும்பப் பட்டியல் சரிபார்க்க எழுத்தர் அம்மாள் வந்திருக்கிறார். சாந்தகுமாரி பெரியவரைக் கட்டிலில் போட்டுக் கம்பளியை இழுத்து மூடிவிட்டாள். குல்லாய் மட்டும் வெளியே தெரிகிறது. ஊ டின் மாவுங் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளியைத் தடவிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். எழுத்தர் அம்மாள் பட்டியலையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாரு?"

"ஊர்லேருந்து வந்த பெரியவரு. உடம்புக்கு முடியல" என்றாள் இவள்.

வெளியூர் ஆள் ஓர் இரவு தங்கினாலும் வார்டு ஆபீசில் விருந்தாளியாகப் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம், அதைப் பயத்தில் மறந்துவிட்டோம். அம்மாள் அங்கேயே ஃபாரத்தை விரித்தார். பெயர் கேட்டார், பெரியசாமி என்றேன். வயது கேட்டார், எண்பத்தாறு என்றேன், அது மட்டும் சத்தியம். தொழில் கேட்டதற்கு, ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் என்று ஊ டின் மாவுங் சொன்னார். அம்மாள் கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்தி, "ரொம்ப மெலிஞ்சுட்டாரே, கஞ்சி குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரத்துக்குச் சீட்டும் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, தங்கள் மாமனாரின் பொருள் இப்போது அரசாங்கப் பதிவு பெற்ற விருந்தாளி.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு விலையைக் கேட்டேன். ஊ டின் மாவுங் சொன்னது இதுதான். இந்த மாதிரிப் பொருளுக்கு விலை இரும்பில் இல்லை, மரத்தில் இல்லை, தூக்கியவன் யார் என்பதில் இருக்கிறது. சண்டையில் நின்ற மனிதரின் பெயர் எழுதிய காகிதம் ஒன்று கூட இருந்தால், வெளிநாட்டில் கேட்ட விலை கொடுப்பார்கள். காகிதம் இல்லையென்றால் இரண்டரை வீசை. அப்பா எந்தப் படையில், எங்கே நின்றார் என்று எனக்கு ஒரு விவரமும் தெரியாது. மறுநாளே தெருமுனை போன் கடையிலிருந்து தங்களுக்குப் பேசினேன். தாங்கள் வெளியே போயிருந்தீர்கள், அக்காதான் எடுத்தாள். அப்பாவின் பட்டாளத்துக் காகிதம் ஏதாவது உன் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது.

காகிதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், அத்தான். பெரியவருக்கு விலை கிடையாது. எங்கள் அப்பா குண்டு மழையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றபோது அவர் தோளில் இருந்தவரை நான் விற்கமாட்டேன், அறுத்துப் பாதியும் தரமாட்டேன். அதற்குப் பதிலாக ஆயுத பூஜைதோறும் தங்கள் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் தனியாக ஓர் அர்ச்சனை செய்துவிடுகிறேன். ஒரு வீரனின் பிள்ளை சொல்கிறேன், இதில் மாற்றமில்லை. அக்காவுக்கு என் நமஸ்காரம். அங்குள்ள குழந்தைகள் யாவரும் பதினாறு பேறும் பெற்று, தாங்கள் நூறு வயது குறைவில்லாமல் என்னைத் திட்டிக்கொண்டிருக்க ஆண்டவன் அருள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
பொ. ராஜரத்தினம்.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை எழுதுவது. சற்று முன் டோ மியா வீட்டு போனுக்கு அக்கா கூப்பிட்டாள். எடுத்ததுமே அழுகை.

"ரத்தினம், அப்பா பட்டாளத்துக்கும் போகல, ஒண்ணுக்கும் போகலடா. ஜப்பான்காரன் ஓடின வருஷம் எனக்கு எட்டு வயசு. மாட்டுக்கு வைக்கோல் வாங்க நானும் அப்பாவும் மாவ்பிக்கு வண்டி கட்டிட்டுப் போனோம். வீட்டுக்கு வந்து இறக்கினா, உள்ளே அது கெடக்கு. எவனோ ஒளிச்சு வச்சுட்டு ஓடியிருக்கான். அப்பா ஓடிப்போயி கதவைச் சாத்தினார். நாளைக்குக் காலையில டேசன்ல கொடுத்துருவோம்னார். காலையில பால் ஊத்தணும், போகல. மறுநாள் போனா, நேத்தே ஏன் கொண்டாரலேன்னு கேப்பானேன்னு பயம். அதுக்கு மறுநாள், ரெண்டு நாளா என்ன பண்ணினேன்னு கேப்பான். அப்படியே அம்பத்தேழு வருஷம் போச்சுடா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினார். பூஜையா பண்ணினார்? புடிபடக் கூடாதுன்னு கும்புட்டார்."

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே வீரத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் தயவு செய்து அடித்துவிடவும். ஆனால் பிரமிப்பை அடிக்க வேண்டாம், அது முன்னைவிட இப்போதுதான் அதிகமாக இருக்கிறது. சண்டைக்குப் போனவனுக்குச் சண்டை முடிந்தால் பயமும் முடிந்தது. இந்த மனிதர் ஐம்பத்தேழு வருடம் அதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். கதவு தட்டும்போதெல்லாம் சிரித்த முகத்தோடு அவரேதான் போய்த் திறப்பார். எங்களுக்கு ஒரு நாள்கூடத் தெரியவிடவில்லை. தாங்கள் கேட்ட பாதியை அக்கா எட்டு வயதிலேயே வாங்கிக்கொண்டுவிட்டாள், அத்தான், இனி அந்தப் பேச்சு வேண்டாம். தங்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆகையால் இந்தப் பின்குறிப்பை மட்டும் படிக்காமல் விடவும்.

இனிமேல் இது நம் வீட்டில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, வார்டு ஆபீசில் உள்ளதைச் சொல்லி ஒப்படைத்துவிடுவது என்று சட்டையும் மாட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக வேண்டாம் என்கிறாள் சாந்தகுமாரி. அவள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடுவேன்.