பரம்பரை பார்த்து ஒரு வண்டி

"ரெண்டுல எதுங்க நீங்க சொன்ன வண்டி?" என்று மனைவி கேட்டபோது பல்லுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

வாசலில் மூடுபனி. அதற்குள் இரண்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்கள் இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. இரண்டிலும் இரண்டே சீட். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் எது உசத்தி என்று தெரிந்துவிடும் என்று நினைத்து, இரண்டு கம்பெனி விற்பனையாளர்களையும் ஒரே காலையில் வரச் சொன்னவர் அவர்தான். இப்போது எந்த வண்டி யாருடையது என்றே தெரியவில்லை.

பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். அவருக்கென்று இருந்தது ஒரே ஆசை. பல் தேய்க்கும் மெஷின் சுழல ஆரம்பித்ததும் அவர் கடலோரச் சாலையில் ஒரு சிவப்பு வண்டியில் போய்க்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டில் மனைவி, காற்றில் அவள் கூந்தல். ஒருமுறை அந்தச் சாலை கொஞ்சம் நீண்டுபோய், கையிலிருந்த கடைவாய்ப்பல் அரிசி அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

"மீன்கொத்தி முத்திரை எதுல இருக்கோ அதுதான். தொண்ணூறு வருஷக் கம்பெனி. அந்தக் காலத்துலயே ரேஸ் ஜெயிச்சவங்க. இன்னொன்னு முக்கோணம் போட்டது. நேத்து மழைக்கு இன்னைக்கு முளைச்ச காளான்."

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

"பரம்பரை உள்ள வண்டிய ஓட்டிப் பாக்கணுமா? தொட்டாலே தெரியும்."

வாசல் நாற்காலியில் இருந்த மாமனார், பரம்பரை என்ற சொல் காதில் விழுந்ததும் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பது வருடத்தில் தன் கையால் ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

பனிக்குள்ளிருந்து இரண்டு கைகள் இரண்டு சாவிகளை நீட்டின. பல்லுக்காரர் முதலில் எட்டியதை வாங்கிக்கொண்டார். மனைவி பக்கத்தில் ஏறினாள். இரண்டே சீட் என்பதால் விற்பனையாளர் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

தெரு முனை தாண்டியதும் உலகம் கரைந்துபோனது. வீடுகள் இல்லை, மரங்கள் இல்லை, வெண்மை மட்டும். அதற்குள் பழைய ரேஸ் படத்துக் கறுப்பு வெள்ளைக் கூட்டம் ஒன்று தொப்பிகளை வீசி ஆரவாரித்தது. மீன்கொத்திக் கம்பெனி விளம்பரப் புத்தகத்தில் பார்த்த மீசைக்கார முதலாளி பனியில் நின்று, "சபாஷ்!" என்றார். பல்லுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டீயரிங் நடுவில் என்ன முத்திரை என்று அவர் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்து இறங்கியதும் கூவினார்: "இதுதான்! ஸ்டீயரிங்கப் பிடிச்சதுமே தொண்ணூறு வருஷம் கையில தெரியுது!"

குள்ளமான விற்பனையாளர் பனியிலிருந்து கைகூப்பியபடி வெளிப்பட்டார். "ரொம்ப நன்றி சார். எங்க முக்கோணக் கம்பெனி ஆரம்பிச்சு எட்டு வருஷம்தான் ஆகுது."

பல்லுக்காரர் மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"ஏறும்போதே பாத்தேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் போல அவர் அவசரமாக அடுத்த வண்டிக்கு ஓடினார். "அது ச்சும்மா பழகிப் பாத்தது. இப்பதான் நிஜம்!"

நிஜம் குண்டும் குழியுமாக இருந்தது. மீசைக்காரர் வரவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் மனைவி "அம்மா!" என்றாள்.

"பரம்பரைன்னா கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும்," என்று அவர் சமாதானம் சொன்னார்.

"என் முதுகுக்கு அந்த விறைப்பு ஆகாது." வீடு வந்ததும் அவள் இறங்கி நேராக முக்கோண வண்டிக்குப் போனாள்; ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"உக்கார சொகமா இருக்குன்னு யாராவது வண்டி வாங்குவாங்களா? பரம்பரையோட அருமை உனக்கு என்ன தெரியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க," என்றாள் அவள் நிதானமாக. "அந்த வண்டியவே வாங்குங்க. பக்கத்து சீட்ல உங்க பரம்பரையை உக்கார வச்சுக்குங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்."

கடலோரச் சாலை அவர் கண்முன் மறுபடியும் விரிந்தது. சிவப்பு வண்டி இருந்தது, காற்று இருந்தது. பக்கத்து சீட்தான் காலியாக இருந்தது. அவள் இல்லாமல் அந்தச் சாலையில் போவதற்குப் பதிலாகக் கூடத்திலேயே பல் தேய்த்துக்கொண்டு இருந்துவிடலாம்.

ஆனாலும் தோற்க மனசில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"உங்க அப்பாவே பரம்பரை பாக்கிறவர்தானே! இருபத்திரண்டு வருஷம் முன்னாடி உன்னக் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளை பாக்க எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு என்ன சொன்னார்? 'உங்க பரம்பரையைக் கேள்விப்பட்டுத்தான் வந்தோம்'னு சொன்னாரா இல்லையா?"

அந்த ஒரு வாக்கியத்தை அவர் இத்தனை வருடமும் முன்பல்லைப் போலத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தார். "சொல்லுங்க மாமா. நீங்களே சொல்லுங்க!"

பனி விலகிக்கொண்டிருந்தது. இரண்டு விற்பனையாளர்களும் சாவிகளோடு மாமனாரைப் பார்த்தார்கள். காருக்குள் மனைவி எதையோ அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனார் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்தார். மகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பரம்பரை எதிர்வீட்டுல இருந்துச்சு மாப்ள, நான்தான் நம்பர் மாத்திக் கதவத் தட்டிட்டேன், உள்ள வந்து உக்காந்ததும் இவ எழுந்து வரமாட்டேன்னுட்டா."