எத்தினை ஓம்?

எனக்கு இசை கேட்கும் காது கிடையாது. இந்த உண்மை ஊர்காவற்றுறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். அதுவும் சொந்த அக்காவின் கலியாணத்தில், மணப்பெண்ணை மேசைக்குக் கீழே அனுப்பிய பிறகு.

அது சமாதான காலம். யுத்தத்தில் மூடிக்கிடந்த பாதை திறந்ததும் பாரிசிலிருந்து வந்த மச்சான் றெஜி, திரும்பிப் போகும்போது தன் மின்சாரக் கிற்றாரை என்னிடம் விட்டுப் போனான். (அன்பினால் அல்ல. காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் கருவாடும் சேர்ந்து பெட்டியின் எடை கூடிவிட்டது.) நான் நாலு கோட்ஸ், அதாவது நாலு சுரக்கட்டு, பிடிக்கப் பழகினேன். ஐந்தாவது தேவைப்படும் பாட்டுகளை மட்டமானவை என்று ஒதுக்கினேன்.

அந்த நேரத்தில்தான் மெற்றில்டா அக்காவுக்குக் கலியாணம் முற்றாகியது. மாப்பிள்ளை ஜெயசீலன், நெடுந்தீவு. வன்னியில் பல வருடம் இடம்பெயர்ந்திருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். அவருடைய அப்பா மரியநாயகம் மாமா, அதிகம் பேசாத மனிதர். கலியாணத்தை அமைதியாகச் செய்தால் போதும் என்பதே அவர் கேட்ட ஒரே சீதனம். நான் அதைக் கேட்டுக்கொண்டே, மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது கிற்றார் வாசிப்பதாக அறிவித்தேன்.

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். “வாசிக்கிறதெண்டா வாசி. ஆனா ஒண்டையும் நோண்டாதை.”

நோண்டாமல் எப்படி? வாசித்தால் சத்தம் இனிமையாக வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் தன் விரல்களைச் சந்தேகித்திருப்பார்கள். நான் கிற்றாரின் குமிழைச் சந்தேகித்தேன்.

றெஜிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் வேலை செய்த உணவகத்தில் கிற்றார் வாசிக்கும் ஒருவனிடம் கேட்டு வைத்து, மறுமுறை விளக்கினான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் ஒரு சின்னப் பாகம் உண்டு. அதன் பெறுமதி குறைந்தால் ஒலி மென்மையாகும், கூடினால் கூர்மையாகும். பொதுவாக இருநூற்றைம்பது கிலோ ஓம் அல்லது ஐந்நூறு போடுவார்கள். இவ்வளவும் சரி. இதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்தான், அதற்குள் தொலைபேசிக் காட் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் எண் பெரிதானால் பொருள் நல்லது. பரீட்சைப் புள்ளியும் அப்படித்தான், வள்ளத்து இயந்திரத்தின் குதிரைவலுவும் அப்படித்தான். இந்தத் தத்துவத்தைச் சுமந்துகொண்டு வேலணை தாண்டி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், ஒரு வானொலி திருத்தும் கடையில் நின்றேன்.

“எத்தினை ஓம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஓம்,” என்றேன். எங்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கும் அதுதான் சொல்.

“ஓம் எண்டுறது விளங்குது தம்பி. எத்தினை ஓம் எண்டு கேக்கிறன்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மானத்தைக் காப்பாற்ற, இருப்பதிலேயே பெரியதைத் தரச் சொன்னேன். ஆயிரம் கிலோ ஓம் தந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் அதைப் பூட்டி, றேடியோவில் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். தகரத்தில் சிரட்டையைத் தேய்த்தது போல் ஒரு சத்தம். முற்றத்தில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த வளவுக்குப் போய்விட்டது. எனவே தத்துவத்தைத் தலைகீழாக்கினேன். பெரியது கீச்சிட்டால், சிறியது தேனாக இருக்கவேண்டும். மறுபடியும் பஸ் ஏறிப் போய் பத்துக் கிலோ ஓம் வாங்கி வந்தேன். கிற்றார் செய்யும் உலகம் முழுவதும் பாவிக்கும் இரண்டு எண்களும் நடுவில் சும்மா கிடக்க, இரண்டையும் பாய்ந்து கடந்தவன் நான்.

பூட்டும்போது, முதல்முறை இருந்தபடியே மாற்றி ஒட்டியிருந்த ஒரு கம்பியைக் கழற்றிய பாகத்தின் முதுகில் கண்டேன். அதனால் ஒரு பிரயோசனமும் இருப்பதாகத் தெரியவில்லை. வெட்டி எறிந்தேன். (இரைச்சல் வராமல் காக்கும் எர்த் கம்பி அதுதான் என்று பின்னால் அறிந்தேன். ஊரும் கூடவே அறிந்தது.) வீட்டு றேடியோவில் கொடுத்துக் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். போர்வைக்குள் இருந்து யாரோ முனகுவது போல் இருந்தது. அதற்கு ‘பட்டு ஒலி’ என்று பெயர் வைத்தேன்.

கலியாணத்தன்று பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். வெளியே ஜெனரேற்றர் ஓடியது. மணமக்கள் உள்ளே வந்து கேக் மேசையை நெருங்கும் நேரம், நான் கம்பிகளைத் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. பத்துக் கிலோ ஓம் இருந்த சத்தத்தையெல்லாம் குடித்துவிட்டது. ஒலிபெருக்கி போட வந்த ரத்தினம் அண்ணைக்குக் கைகாட்டினேன். அவரும் பெரிய எண்ணில் நம்பிக்கை உள்ளவர், கடைசிவரை கூட்டிவிட்டார். பிறகு நான் என் குமிழை மெதுவாகத் திருப்பத் தொடங்கினேன்.

முதலில் மிகத் தூரத்தில் ஓர் உறுமல். குமிழ் திரும்பத் திரும்ப அது கிட்ட வந்தது. பாதி திரும்பும்போது கூரைக்கு மேலே நின்றது. எல்லாரும் தலையை உயர்த்துவதைப் பார்த்தேன். ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முன்வரிசையில் மரியநாயகம் மாமா மெதுவாகச் சொன்னார்: “கிபிர்.”

கத்தவில்லை. வன்னியில் குண்டு போட வந்த விமானத்தின் பெயர் அது. அடுத்த கணம் மண்டபத்தில் ஒரு தலையும் இல்லை. சாப்பாட்டு மேசைகளுக்குக் கீழே சபை முழுவதும் போய்விட்டது. ரத்தினம் அண்ணை தன் பெட்டிக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். கேக் மேசைக்குக் கீழிருந்து அக்காவின் முக்காட்டு நெற் மட்டும் வெளியே நீண்டு கிடந்தது. நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன். (குமிழை இன்னும் திருப்பிக்கொண்டுதான்.)

“தம்பி, அதை நிப்பாட்டு,” என்றது ஒரு மேசைக்குக் கீழிருந்து அம்மாவின் குரல்.

நிறுத்தினேன். விமானம் போய்விட்டது. ஜெனரேற்றர் மட்டும் கேட்டது. ஆனால் ஒருவரும் உடனே எழும்பவில்லை. தாய்மார் பிள்ளைகளின் தலைக்கு மேல் வைத்த கையை எடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் எல்லாருக்கும் தங்கள் இடம் தெரிந்திருந்தது. அதைப் பார்த்தபோது கிற்றாரோடு சேர்த்து என்னையும் கடலில் போட்டால் நல்லது என்று தோன்றியது.

மரியநாயகம் மாமா வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

“தம்பி,” என்றார், “இது குண்டும் போடுமோ?”

முதலில் சிரித்தது கேக் மேசைக்குக் கீழே இருந்த அக்கா. பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது.

அக்கா மாமாவின் பகிடிக்குச் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் சொன்னாள். அதுவரை அவளும் மாப்பிள்ளையும் தனியே ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மேசைக்குக் கீழே ஜெயசீலன் அத்தான் தன் கோட்டைக் கழற்றி அவள் தலையை மூடிப் பிடித்திருக்கிறார். சத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லையாம்.

“வாசிக்கிறது உம்மட தம்பியோ?” என்று கேட்டிருக்கிறார்.

“ஓம்.”

“எப்பவும் உப்பிடித்தானோ?”

வீடியோக்காரரும் கமராவோடு விழுந்து படுத்ததால், கலியாண வீடியோவில் ஒரு நீண்ட பகுதி மேசைக் கால்கள்தான். அதன் பிரதிகள் பாரிசுக்கும் கனடாவுக்கும் போயின. என்னைக் கண்டேயிராத சொந்தக்காரரும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

அண்மையில் அக்காவின் மகளுக்குக் கலியாண எழுத்து, அதாவது பதிவு. நன்றி சொல்ல நான் மைக்கைக் கையில் எடுத்தேன். மரியநாயகம் மாமாவுக்கு இப்போது நடக்கவே கஷ்டம். கதிரையில் இருந்தபடி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“தம்பி, எனக்கு இப்ப கெதியாக் குனிய ஏலாது. வாசிக்கப்போறீர் எண்டா முதலே சொல்லும், நான் இப்பவே கீழ போய் இருக்கிறன்.”