குன்வோர் விதி

படகுகளை இறக்கும் கிரேனில் தன் முறை வர நாற்பது நிமிடம் இருக்கையில் ஸ்டூரே ஜாக்கெட் பையில் கையை விட்டார். ஒரு சீப்பு இருந்தது. அடைப்பான் இல்லை.

அடுத்த பையில் பார்த்தார். அதில் மன்னிப்பு இருந்தது. நான்காக மடித்த சீட்டு, நான்கு வரி. முதல் வரி: 'குன்வோர், அடைப்பான் என் பையில்தான் இருந்தது.'

அடைப்பான் என்பது கட்டைவிரல் தடிமனில் ஒரு பித்தளைத் திருகு. குளிர்காலம் முழுக்கப் பாய்மரப் படகுகள் கரையில் மரத்தாங்கி மேல் நிற்கும். உள்ளே சேரும் மழைநீர் வடிவதற்காக அடிவயிற்றில் ஓர் ஓட்டையைத் திறந்து வைப்பார்கள். மே மாதம் படகை இறக்கும் முன் அதை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் மழை போன வழியில் கடல் வரும். கடலுக்கு இதில் தனிப்பட்ட வஞ்சம் ஏதும் கிடையாது.

போன மே மாதம் ஸ்டூரேயின் படகுக்குள் கடல் வந்தது. படுக்கை உயரத்துக்கு வந்தது. அப்போது ஸ்டூரே, எழுபது உறுப்பினர்கள் பார்க்க, தன் மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"ஒரு திருகு! ஒரே ஒரு திருகு போடச் சொன்னேன்! அதுக்குக்கூட லாயக்கில்லையா நீ?"

எக்விக் படகுக் கழகத்தில் யாரும் கத்துவதில்லை. பக்கத்து வீடு தீப்பிடித்தால்கூட, 'உனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். குன்வோர் ஏணியில் இறங்கினாள், பிளாஸ்கில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தாள், பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் படகில் அவள் கால் வைக்கவில்லை. தண்ணீர் புகுந்த படகும் அந்தக் கோடை முழுக்கக் கரையிலேயே நின்றது.

கழகம் கூடி ஒரு விதி போட்டது. கிரேன் தூக்கும் முன் படகுக்காரர் 'அடைப்பான் போட்டாச்சு!' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சுற்றி நிற்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குக் குன்வோர் விதி என்று பெயர் வைத்து, பலகையில் எழுதிக் கழக வீட்டு வாசலுக்கு மேலே மாட்டினார்கள்.

ஜூன் மாதம் ஸ்டூரேயின் பழைய ஜாக்கெட்டுக்குள் அடைப்பான் கிடைத்தது.

சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். ஜூனில் வெயில் நன்றாக இருந்தது. கெடுக்க மனம் வரவில்லை. ஜூலை எல்லோருக்கும் விடுமுறை. ஆகஸ்டில் நண்டு விருந்து. அந்த விருந்துக்கென்று எல்லோரும் மாட்டும் காகிதத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பேச முடியாது. செப்டம்பரில் பார்த்தால் பலகைக்கு வார்னிஷே அடித்துவிட்டார்கள்.

அதனால் இந்த வருஷம் ஒரு திட்டம். படகு ஒரு பிசகும் இல்லாமல் இறங்க வேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரக் கூடாது. பிறகு குன்வோருக்குப் போன் செய்து வரவழைத்து, படகில் உட்காரவைத்து, சீட்டைப் படிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கிற நாள் என்பதால் புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வருஷமாக அடைப்பான் குடியிருந்த பழைய ஜாக்கெட் வீட்டில் ஆணியில் தொங்கியது. பஸ்ஸில் ஐம்பது நிமிடம்.

வீட்டுக்குப் போன் அடித்தார். குன்வோர் எடுக்கவில்லை. சனிக்கிழமை இவள் எங்கே போவாள்? பாட்டுக் குழு புதன்கிழமைதானே. இந்தக் குளிர்காலத்தில்தான் சேர்ந்திருந்தாள். பாடிவிட்டு வருகிறவளின் முழங்கையில் சில நாள் நீலச் சாயம் ஒட்டியிருக்கும். ஸ்டூரே கேட்டதில்லை. கேள்வி கேட்கிற யோக்கியதை போய்விட்டதாக அவருக்கு ஓர் எண்ணம்.

ஒயின் பாட்டில் தக்கையைச் செருகி, படகுக்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். தக்கை துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியேறியது. துடுப்பின் முனையை வெட்டிச் சீவி அடித்தார். அது பாதியில் பிளந்து மாட்டிக்கொண்டது. நோண்டி எடுப்பதற்குள் புது ஜாக்கெட்டின் முழங்கை கிழிந்தது. துடுப்பும் ஒன்று குறைந்தது.

"என்ன ஸ்டூரே, படகுக்கு ஊசி போடறியா?"

லில்லேமோர். கழகத்தின் சாசேஜ் அண்டா அவள் பொறுப்பு.

"சும்மா பாத்துட்டிருக்கேன்."

"இன்னைக்கு ரெண்டு சாசேஜா வாங்கு."

"ஒண்ணு போதும் எனக்கு."

"வாங்குன்னா வாங்கேன். எதுக்கெடுத்தாலும் ஒரு தர்க்கம்." அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

முறையைத் தவற விட்டால் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும். அதாவது அடுத்த சனிக்கிழமை. அதைவிட, காரணம் சொல்ல வேண்டும். ஸ்டூரேக்கு மறுபடியும் அடைப்பான் என்றால் இவர்கள் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள். காபியைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அப்போதுதான் பக்கத்துப் படகு கண்ணில் பட்டது. பதினைந்தாம் எண். அவருடையது பதினான்கு. அதே அச்சு, அதே அளவு, புதிதாக நீலம் பூசியது. குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஸ்டூரே தன் படகில் வேலை செய்கிற சனிக்கிழமைகளில் அதன் சொந்தக்காரர் வந்ததே இல்லை. அடிவயிற்றில் பித்தளை அடைப்பான், மெழுகு தடவி, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

துறைக் காப்பாளர் ரூனே பட்டியலோடு வந்தான்.

"பதினஞ்சு எப்போ ரூனே?"

"சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு மணி."

"ஆள் எங்க?"

"புது உறுப்பினர். படபடப்பா இருக்காம், கழக வீட்டுக்குள்ள உக்காந்து காபி குடிக்குது. ஏன் கேக்கற?"

"நல்லா பூசியிருக்காங்க."

"உன்னோடதவிட நல்லாத்தான் இருக்கு," என்று ரூனே ஒரு மாதிரி சிரித்தான்.

ஸ்டூரே கணக்குப் போட்டார். பதினொன்றரைக்கு இறங்கினால், பஸ்ஸில் போய்த் தன் அடைப்பானை எடுத்து, டாக்ஸியில் திரும்பி, பன்னிரண்டே முக்காலுக்குப் பதினைந்தில் மாட்டிவிடலாம். இது திருட்டு இல்லை. சாப்பாட்டு வேளைக்கு மட்டும் கடன். ரூனே அந்தப் பக்கம் போனதும் குனிந்தார். திருகு மூன்றே சுற்றில் கழன்று வந்தது. யாரோ அவ்வளவு நேர்த்தியாக மெழுகு தடவியிருந்தார்கள்.

பதினொன்றரைக்கு அவர் படகின் வயிற்றில் பட்டைகள் இறுகின.

"அடைப்பான் போட்டாச்சு!" என்றார் ஸ்டூரே.

"அடைப்பான் போட்டாச்சு!" என்றது கூட்டம்.

படகு எழுந்தது, திரும்பியது, தண்ணீரில் உட்கார்ந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஸ்டூரே கத்தவில்லை. பதினைந்து வருஷத்தில் இவ்வளவு அழகாக இறங்கியதில்லை. இதைப் பார்க்கக் குன்வோர் இல்லையே என்று இருந்தது.

"பிரமாதம்!" என்று ரூனே கரையிலிருந்து கையசைத்தான். "உன்னால நேரம் மிச்சம்! சாசேஜும் இன்னும் வேகல!"

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருந்தது. ஸ்டூரே கவனிக்கவில்லை. என்ஜினை முடுக்கித் துறையின் கடைசி மூலைக்குப் போய்ப் படகைக் கட்டினார். கயிற்றைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தபோது கிரேனின் கை மறுபடி வானத்தில் இருந்தது. அதன் பட்டைகளில், ஒரு மணிக்கு முறை வர வேண்டிய நீலப் படகு. படகுக்குள் உயிர்காப்புச் சட்டையும் கம்பளித் தொப்பியுமாக ஓர் உருவம். காற்றில் கூட்டத்தின் குரல் மட்டும் வந்தது: "...போட்டாச்சு!"

இருநூறு மீட்டர். ஒரு கத்துக் கத்தியிருந்தால் கிரேன் நின்றிருக்கும். ஸ்டூரே வாயைத் திறந்தார். ஒரு வருஷமாகக் கத்தாமல் இருக்கப் பழகிய வாய் அது. திறந்தது, மூடிக்கொண்டது.

"மன்னிக்கணும்," என்றார், மெதுவாக, இருநூறு மீட்டருக்கு அப்பால் இருந்த கிரேனிடம்.

பிறகு ஓடினார். மரப்பாலத்தில் வழுக்கி ஒரு முறை விழுந்தார். சீப்பு கடலுக்குள் போனது. நீலப் படகு தண்ணீரைத் தொட்டது. ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் வாளியோடு ஓடினான், இன்னொருவன் பம்போடு. ரூனே கிரேன்காரனைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினான். ஸ்டூரேயின் பையில் மன்னிப்புச் சீட்டு சரசரத்தது. முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் என்ன சொல்வது என்று அவர் ஓடிக்கொண்டே ஐந்தாவது வரியை யோசித்தார்.

பாதி வழியில் லில்லேமோர் சாசேஜ் எடுக்கும் இடுக்கியும் கையுமாக எதிரே ஓடி வந்தாள்.

"ஓடு ஸ்டூரே! உன் குன்வோர்தான் அந்தப் படகுக்குள்ள நிக்கறா. உனக்குத் தெரியாம படகு வாங்கி, உன்னை அசத்தணும்னு இருந்தா. காலையிலேயே அடைப்பான் போட்டுட்டேன்னு அழறா, ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. போன வருஷமும் இவதானே மறந்தா!"