கொழுந்துத் தராசில் அழகமுத்து

சாக்குக்குள் இரண்டாவது காலையும் விட்ட பிறகுதான் கணக்குப்பிள்ளை அழகமுத்துவுக்கு வெட்கம் வந்தது.

“வெள்ளையம்மா, யாராச்சும் பாக்குறாங்களா?”

“யாரும் இல்லீங்க ஐயா. எல்லாரும் லயத்து வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒரு நாய் மட்டும் நிக்குது.”

“அதையும் வெரட்டு.”

தேயிலைக் கொழுந்து மூட்டை தொங்க வேண்டிய கொக்கியில் அழகமுத்து தொங்கினார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கூரைமரம் ஒருமுறை முனகியது. மற்ற நேரங்களில் அந்த வட்டத் தராசின் முன்னால் அவர்தான் நிற்பார். எட்டிப் பார்க்கும் பெண்களை முதுகால் மறைத்துக்கொண்டு நிறுவை சொல்லுவார். இப்போது முள் அவருடைய உச்சந்தலைக்கு மேலே இருந்தது. கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியவில்லை.

எல்லாம் தோட்டத்துத் துரையால் வந்த வினை. மேமலைக்கு ஏறும் வழியில் அழகமுத்து மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட, நிறுக்க ஆளில்லாமல் மேலே கொழுந்து வாடிப்போனது. துரை அவரை டிஸ்பென்சரிக்கு இழுத்துப்போய்த் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றாறு கிலோ.

“தீபாவளிக்குள்ள எம்பத்தஞ்சுக்கு வரணும், ஹரித, சரியா? இல்லாட்டி மேமலை கணக்கு கிருஷ்ணகுமாருக்கு. நீங்க ஃபெக்டரியில ஒக்காந்து சாக்குத் தைக்கலாம்.”

கிருஷ்ணகுமார் நேற்று வந்த பையன். அவனிடம் மலையைக் கொடுத்துவிட்டு ஊசியும் நூலுமாக உட்காருவதா? அதற்கு இந்தச் சாக்கே மேல். டிஸ்பென்சரித் தராசில் அடிக்கடி ஏறவும் முடியாது. அது விறாந்தையில் இருக்கிறது. அங்கே ஏறினால் ஓப்பநாயக்க கடைத்தெரு வரைக்கும் சேதி போய்விடும்.

“எத்தனை காட்டுது?”

கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மா முள்ளைப் பார்த்தாள். விரலை மடக்கினாள்.

“தொண்ணூத்தொண்ணுங்க ஐயா.”

“அஞ்சு கிலோவா! நேத்துத்தானே கொள்ளுக் கஞ்சி ஆரம்பிச்சேன்!”

“ஐயாவுக்கு நல்ல ஒடம்புங்க. சொன்னதைக் கேக்குது.”

அழகமுத்து சாக்கிலிருந்து புது மனிதராக இறங்கினார்.

அன்று மாலை ஜுனைதீன் தேத்தண்ணிக் கடையில், “நானா, ரெண்டு ரோல்ஸ் வைங்க” என்றார்.

“மெலியப் போறதாச் சொன்னீங்களே?”

“மெலிஞ்சாச்சு நானா. அஞ்சு கிலோ எடம் சும்மா கெடக்கு.”

வீட்டில் மனைவி புஷ்பம் குரக்கன் ரொட்டியும் வல்லாரைச் சம்பலும் வைத்தாள். அவர் ஒரே ஒரு ரொட்டியோடு எழுந்தார்.

“அட, வாயைக் கட்டிட்டீங்களே!” என்று அவள் பூரித்தாள்.

“மனசு வச்சா எல்லாம் முடியும் புஷ்பம்” என்று ஏப்பத்தை அடக்கிக்கொண்டார்.

இலங்கைக்குக் கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வந்த வருஷம் அது. மழையும் சேர்ந்து வந்தது. தூறல் நாளில் நிறுத்தபோது எண்பத்தெட்டு. வெயில் அடித்த நாளில் தொண்ணூற்றிரண்டு. மறுபடி மழை, மறுபடி குறைந்தது.

அழகமுத்து யோசித்தார். மலையில் பாதி வழி யோசனைக்கே போய்விட்டது.

“வெயில் நமக்கு ஒத்துக்கல புஷ்பம். மழையிலதான் கொழுப்பு கரையுது, சவுக்காரம் மாதிரி.”

அதிலிருந்து வெயில் நாட்களில் அவர் ஓர் அடியும் நடக்கவில்லை; கொழுந்து லொறியில் ஏறிக்கொண்டார். மழை வந்தால் மட்டும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். கால் முழுக்க அட்டை கடித்தது.

“உப்புப் போடட்டுமா?” என்றாள் புஷ்பம்.

“விடு, அதுங்களும் கொஞ்சம் கொறைச்சுட்டுப் போகட்டும்.”

நான்காம் நம்பர் மலையில் ஓடும்போது தண்ணிக் கானுக்குள் விழுந்தார். கால் பிசகியது. “பாவம், மெலிஞ்சு மெலிஞ்சு பெலன் இல்லாமத்தான் விழுந்துட்டீங்க” என்று புஷ்பம் ஆட்டுக்கால் சூப் வைத்தாள். கோழி அடித்தாள். பார்க்க வந்தவர்கள் வாழைக்குலையோடு வந்தார்கள். கட்டிலில் இருந்தபடியே அவர் எல்லாருக்கும் மரியாதை செய்தார்.

எழுந்து கால்சட்டை போட்டபோது பொத்தான் தெறித்துப் பருப்புக் குழம்பில் விழுந்தது.

“என்னங்க இது, பத்தலையே?”

“மழைக்குத் துணி சுருங்கிருச்சு.”

“இடுப்புல கட்டுற சாரமுமா சுருங்கும்?”

“சாரம்தான் மொதல்ல சுருங்கும்.”

தீபாவளிக்கு முந்தின நாள் வானம் கொட்டிக்கொண்டிருந்தது. அழகமுத்து நொண்டிக்கொண்டே மடுவத்துக்கு வந்து கொழுந்து நிறுத்தார். வெள்ளையம்மாவின் முறை.

“இருபது. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு. பதினேழு.”

“அம்புட்டு ஈரமாங்க ஐயா?”

“வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, கேள்வி கேக்குறியே! சரி சரி, அந்தச் சாக்கை என்கிட்ட குடு.”

வெட்கமெல்லாம் எப்போதோ போயிருந்தது. பெண்கள் பார்த்திருக்கவே கொக்கியில் தொங்கினார். வெள்ளையம்மா வெகுநேரம் விரல் மடக்கினாள்.

“எம்பத்துநாலுங்க ஐயா.”

“கால் நொண்டி, கட்டில்ல கெடந்து, சூப்பு குடிச்சும் எம்பத்துநாலு! கிருஷ்ணகுமாரை ஊசியில நூல் கோக்கப் பழகச் சொல்லு!”

பெண்கள் கண்ணில் நீர் முட்ட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர் எல்லாருக்கும் வடை சொல்லியனுப்பினார். தானும் தின்றார். பிறகு நேரே பங்களாவுக்குப் போய்த் துரையையே கூட்டி வந்தார்.

டிஸ்பென்சரி விறாந்தையில் இருமல் மருந்துக்கு நின்ற வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. அழகமுத்து செருப்பைக் கழற்றினார். பாரம் வேண்டாமென்று சட்டைப்பையில் இருந்த சீப்பையும் எடுத்து, கூட வந்திருந்த புஷ்பத்திடம் கொடுத்தார். தராசில் ஏறினார்.

முள் எண்பத்தைந்தைக் கடந்தது. தொண்ணூற்றாறையும் கடந்தது. தொண்ணூற்றொன்பதில் போய் நின்று நடுங்கியது.

துரை குனிந்து முள்ளைப் பார்த்தார்.

“இந்தத் தராசு பொய் சொல்லுதுங்க தொர!” என்று அழகமுத்து அலறினார். “நம்ம கொழுந்துத் தராசுல எம்பத்துநாலுதான்! அது ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அந்தா நிக்கிறா வெள்ளையம்மா, அவதான் பாத்துச் சொன்னா. கேட்டுப் பாருங்க!”

துரை வரிசைப் பக்கம் திரும்பினார். “அங்க எவ்வளவு காட்டுச்சு?”

வெள்ளையம்மா மருந்துப் போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அங்கயும் முள்ளு தொண்ணூத்தொம்பதுலதாங்க தொர நின்னுச்சு. சாக்குக்கு, ஈரத்துக்குன்னு இருபதுக்கு மூணா ஐயா எங்களுக்குக் கழிக்கிற மாதிரியே அவருக்கும் கழிச்சுத்தானே சொன்னேன்.”