கடைமடைக்காரர் விட்ட ரயில்

இந்தக் கேரளத்தில் ரயில் இல்லாத ஊர்களுக்கெல்லாம் ரயில் விட்ட ஒரே மனிதர் கடைமடைக்காரர்தான். அதற்கு அவர் எந்த அரசாங்கத்தையும் கேட்கவில்லை. சொந்த மனைவியைக்கூடக் கேட்கவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அவருக்கு வேறு பெயர் இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். அவருடைய தென்னந்தோப்பு வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்து, மிச்சம் மீதி இருந்தால்தான் அவருக்குத் தண்ணீர். "கடைமடைக்கு எப்பத்தானுங்க வரும்?" என்று போகிற இடமெல்லாம் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மை ரயில் என்ற சங்கதியை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கோயம்புத்தூர் போய், எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம் எல்லாம் வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் பூட்டி, அன்று சாயங்காலமே ஓட்டினேன். யாராவது பார்க்க வருவார்கள் என்று சட்டையை மாற்றிக்கொண்டுகூட உட்கார்ந்திருந்தேன். ஒரு குஞ்சு குருமான் வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட கடைமடைக்காரர் தன் கொப்பரைக் கிடங்கை ஒழித்து, தரையில் கோலமாவால் தண்டவாளம் வரைய ஆரம்பித்தார். என்னிடம் ரயில் இருந்தது, அவரிடம் கோலமாவு இருந்தது. ஊர் கோலமாவைப் பார்க்கப் போனது.

காரணம் இதுதான். கிடங்குக்குள் காலை வைத்த எவரையும் அவர், "உங்களுக்கு எங்கீங்க டேசன் வேணும்?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை எங்கள் பக்கத்து ஜனங்களை யாரும் கேட்டதே கிடையாது. வேலந்தாவளத்துக்காரர் ஒரு டேசன் வாங்கினார். வண்ணாமடைக்காரர் இரண்டு பிளாட்பாரம் வாங்கினார். பேச்சுவார்த்தை அறுந்த அண்ணன் தம்பி இருவர், ஒருவர் டேசனிலிருந்து பார்த்தால் மற்றவர் டேசன் தெரியக் கூடாது என்றார்கள். நடுவில் ஒரு தென்னந்தோப்பு முளைத்தது. ஒவ்வொரு முறையும் கடைமடைக்காரர் முகம் சுளிக்காமல் சீமாற்றால் கூட்டித் தள்ளிவிட்டு முதலிலிருந்து வரைவார். இடம் போதாமல் அடுப்படிச் சுவரில் ஓட்டை போட்டார். அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது பாதை உள்ளே வந்து நின்றது. அந்த அம்மாள் சண்டை போடவில்லை. அஞ்சறைப் பெட்டிக்கு எதிரே தன் அப்பன் ஊருக்கு ஒரு டேசன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் வண்டன்மேட்டிலிருந்து அவருடைய சம்பந்தி வந்தார். ஏலக்காய் விவசாயி. வரைந்திருந்ததை எல்லாம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "எங்க இடுக்கி ஜில்லாவுக்கே ரயில் கிடையாது சம்பந்தி. ஒரு டேசன மட்டும் போட்டுக் குடுங்க, ஏலக்கா மூட்டைய நாங்க ஏத்திக்கிறோம்" என்றார். அவ்வளவுதான், கிடங்கின் மேற்கு மூலையில் ஒரு மலை எழும்பியது. பழைய திட்டம் மொத்தமும் சீமாற்றுக்குப் போனது.

என் மனைவியும் அங்கே போய்வர ஆரம்பித்தபோதுதான் எனக்கு வயிறு நிஜமாகவே எரிந்தது. நம் வீட்டில் ஓடுகிற ரயிலை விட்டுவிட்டு அங்கே ஓடாத ரயிலில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"நம்முளுது சுத்திச் சுத்தி ஒரே எடத்துக்குத்தானுங்க வருது. அங்க ஊருக்குப் போகுது" என்றாள்.

பிறகு அவரும் எஞ்சின், பெட்டிகள் எல்லாம் வாங்கி வந்து, பலகை அடித்து, நிஜத் தண்டவாளம் போடும் கட்டம் வந்தது. எட்டிப் பார்க்கப் போனேன், சும்மா இருக்க முடியவில்லை. கடைமடைக்காரர் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, பலகைக்குப் பலகை இறக்கிக்கொண்டே வந்தார். வாய்க்கால் வெட்டுகிற மாதிரியே வண்டன்மேட்டில் ஆரம்பித்துக் கடைசி டேசனான கடைமடை வரை ஒரே வாட்டம், ஒரே சரிவு. ரயிலுக்கு எதற்கு வாட்டம் என்று கேட்டேன்.

"வாட்டமில்லாம எப்புடீங்க கடைமடைக்குப் போய்ச் சேரும்?" என்றார், பாவம் இவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி. இறங்குகிற வண்டி திரும்பவும் ஏற வேண்டுமே என்று எடுத்துச் சொல்ல எனக்கென்ன கிறுக்கா? நேராக வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

திறப்பு விழாவுக்குக் கிடங்கு கொள்ளாத கூட்டம். வாழைமரம்கூடக் கட்டியிருந்தார்கள். வண்டன்மேட்டில் சம்பந்தி கொடி காட்டினார். வண்டி ஒவ்வொரு டேசனாக நின்று நின்று, கடைமடை வரை சொகுசாக இறங்கி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். திரும்புகிற வண்டிக்குச் சக்கரம் சுற்றியது, வண்டி ஏறவில்லை. கடைமடைக்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் மூச்சுத்தான் வாங்கியது. கூட்டம் காபியைக் குடித்துவிட்டுக் கலைந்தது. அவர் மட்டும் கடைசி டேசனுக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வந்தபாடில்லை.

மறுநாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். என் ரயிலைப் பார்க்க வந்த முதல் ஆள். ரொம்ப நேரம் மேஜையருகில் உட்கார்ந்து, வண்டி சுற்றுவதையே பார்த்தார். "அருமையா ஓடுதுங்க" என்றார். நான் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டினேன்.

பிறகு மெதுவாக, "இதையப் பொறத்தால வெச்சுத் தள்ளுனா, என்ர வண்டி ஏறீருமுங்களா?" என்றார்.

பட்டென்று வண்டியை நிறுத்தினேன். என் எஞ்சின் இவர் வண்டிக்கு முட்டுக்கொடுப்பதா? வாட்டத்தைக் குறைத்துவிட்டுப் போவதுதானே என்றேன் சூடாக. குறைத்தால் கடைசி வரைக்கும் வராதே என்றார். அதில் மட்டும் அவர் அசைகிற ஆள் இல்லை. நான் மறுப்பு யோசிப்பதற்குள் என் மனைவி எஞ்சினைத் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "நீங்க ஒருத்தருதானுங்க இன்னும் டேசன் கேக்காம இருக்கீங்க. உங்களுக்குன்னு எடம் உட்டுத்தான் வெச்சிருக்கறனுங்க. எங்க போடட்டும்?"

பொறாமைப்படுவதற்காவது மனுஷன் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டாமா?

"உங்க டேசனுக்குப் பக்கத்துல போடுங்க" என்றேன்.

இப்போது தினமும் சாயங்காலம் வண்டி ஓடுகிறது. மேலே ஏறும்போது என் எஞ்சின்தான் தள்ளுகிறது. கைதட்டல் என்னவோ முன்னால் போகிற அவர் எஞ்சினுக்குத்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் வண்டி இறங்கி வரும்போது, அவரவர் டேசன் தாண்டியதும் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைசி டேசனுக்கு வண்டி வந்து சேரும்போது கிடங்கில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.