தண்ணீர் குடித்துப் பிழைத்த எலிகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இத்துடன் மரியாதை முடிந்தது.

உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளை மூன்று முறை படித்தேன். ‘இரண்டு கூண்டுக்கும் வித்தியாசம் இல்லை, ஆகவே தங்கள் இலை மலேரியா மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.’ கீழே உங்கள் கையெழுத்து. என் பெண்ணைக் கட்டிக்கொண்ட அன்று போட்டீர்களே, அதே கையெழுத்து.

நாற்பது வருடமாக இந்த இலையைக் காய்ச்சிக் குளிர்க்காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துவரும் வைத்தியன் நான். நீங்கள் கூப்பிட்டதால்தான் வந்தேன். முதல் நாளே செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்குப் பை மாட்டி, தலைக்கு வலை போட்டு, இரண்டு பேர் நுழையக்கூடிய வெள்ளை அங்கிக்குள் என்னைத் தள்ளினார்கள், பொறுத்துக்கொண்டேன். சுண்டக் காய்ச்சிய கஷாயத்தை வடிகட்டுகிறேன் என்று உங்கள் உதவியாளர் பாதியைத் தொட்டியில் கொட்டினார், அதையும் பொறுத்துக்கொண்டேன். மீதியை முகர்ந்துவிட்டு, "ஐயா, இதை எலி குடிக்குமா?" என்றார். "மனுஷனே குடிக்கிறான், எலிக்கு என்ன வந்துச்சு?" என்றேன். மலேரியா ஏற்றிய பன்னிரண்டு எலிகளில் முதல் கூண்டு ஆறுக்கு என் கஷாயம், இரண்டாம் கூண்டு ஆறுக்கு வெறும் தண்ணீர். ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அதற்கும் தலையாட்டினேன். ஏழாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டும் தேறிவிட்டன! "மாமா, வெறும் தண்ணி குடிச்ச எலியும்தான் பிழைச்சிருக்கு. அப்ப உங்க இலை என்னதான் பண்ணுச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்.

தண்ணீர் குடித்தால் மலேரியா போய்விடும் என்றால் உங்கள் ஆய்வுக்கூடம் எதற்கு மாப்பிள்ளை, ஒரு குழாய் போதாதா? உங்கள் ஆட்கள் எலியை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் கூண்டுச் சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்கள். என் பக்கம் துளித் தப்பு கிடையாது. கூண்டு கழுவும் அம்மா, "ரெண்டாவது கூண்டுலயும் பச்சைக் கறை இருக்குதுங்க" என்றாராமே, முதலில் அவர் கண்ணைச் சோதியுங்கள். என் இலையை நீக்கினால் உங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து உட்காருவேன். மகளே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் புத்தியும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உங்கள் மாமியார் இதைப் படித்துவிட்டு உறையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "உள்ளதை எழுதுங்க, அப்பதான் தருவேன்" என்கிறாள். எழுதுகிறேன். தினமும் நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டாம் கூண்டுக்கும் கஷாயம் கொடுத்தது நான்தான். ஆறும் மயிர் சிலிர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. கையில் மருந்தை வைத்துக்கொண்டு காய்ச்சலை வேடிக்கை பார்க்க எனக்குத் தெரியாது. அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். சோதனையை மறுபடி வையுங்கள், கஷாயம் காய்ச்சித் தருகிறேன். என்னை மட்டும் அந்த அறைக்குள் விடாதீர்கள். விட்டால் திரும்பவும் கொடுப்பேன்.