நார்ச்சத்து உருண்டை

“லேபிள்ல கொள்ளின்னா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார் கம்ப்யூட்டர் ஆசிரியர் பிரசாந்த்.

“அடுப்புக் கொள்ளி சார். பொங்கலுக்கு அடுப்பு பத்தவைக்க.”

“எங்க ஊர்ல கொள்ளி பொணத்துக்குத்தான் வெப்பாங்க. தாளாளர் கைல இதக் குடுத்துடாதீங்க.”

செஞ்சியில் அந்தத் தனியார் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் கலைமதி உதவியாளர். வேலை நிரந்தரமாகவில்லை. தை பிறந்ததும் சொல்வதாகத் தாளாளர் ராமகிருஷ்ணன் சொல்லியிருந்தார். அவளுக்குப் பேசிக் காரியம் சாதிக்க வராது. அதனால் அந்தப் பக்கம் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையின் ஓடு, தேங்காய் நார், தேன்மெழுகு சேர்த்துப் பத்தொன்பது உருண்டை பிடித்து எல்லோருக்கும் பொங்கல் பரிசாகக் கொண்டுவந்திருந்தாள். ஈர விறகும் பற்றும். மூன்று முறை சோதித்திருந்தாள்.

லேபிள்களைக் கிழித்தாள். உருண்டைகள் பெயரில்லாமல் தட்டில் இருந்தன.

தாளாளர் வந்தார். “இன்னாம்மா இது, சிறுதானியமா?”

“மல்லாட்டை...” என்றாள். ‘ஓடு’ என்பது தொண்டையைத் தாண்டுவதற்குள் அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

கதவு வரை போனாள். தட்டவில்லை.

ஐந்து நிமிடத்தில் அவர் வாயைத் துடைத்தபடி வெளியே வந்தார். “பிரமாதம். சக்கரையே இல்ல. அத்தனையும் நார்ச்சத்து. எல்லாரும் எடுத்துக்குங்க.”

எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கணக்கு ஆசிரியை ஜெயசுதா நெடுநேரம் மென்றார்.

“கரையவே மாட்டேங்குது. ஆனா ஒடம்புக்கு நல்லதுன்னு தெரியுது.”

பிரசாந்த் கலைமதியைப் பார்த்தார். தாளாளரைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார்.

கலைமதிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை ஒரு சீட்டு எழுதித் தாளாளரிடம் நீட்டினாள்: ‘உருண்டைகள் விறகடுப்புக்காகச் செய்தவை.’

கண்ணாடி போடாமலே படித்தார். “விறகடுப்புல செஞ்சதா? அதான் அந்த ருசி. பெற்றோர் கூட்டத்துக்கு இருநூறு கொண்டாந்துடு. அன்னிக்கே உன் ஆர்டர்ல கையெழுத்து போட்டுடறேன்.”

இருநூறு பெற்றோர். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இருநூறு வயிறு. மாலை வரை ஆய்வகத்தில் ஒரே குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சொல்லிவிடுவதென்று கிளம்பினாள்.

வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பூவாயி மறித்தாள். “கலை, அந்த உருண்ட இன்னும் இருக்குதா?”

“ஐயோ, நீங்களுமா சாப்ட்டீங்க அக்கா?”

“நான் இன்னாத்துக்கு அதத் தின்றேன்? வெந்நி அடுப்புல போட்டேன், ஒரே குச்சில பத்திக்கிச்சு. பத்தொம்போதும் குப்பைக்கூடைல பொறுக்கினதுதான். எல்லாத்துலயும் ஒரு கடி இருந்துச்சு, தாளாளர் சார் ரூம்ல கெடந்ததுல மட்டும் அதுகூட இல்ல.”